விளக்கை அணைத்த பிறகு தெரிபவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மொட்டை மாடிகளில் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவது என் பொழுதுபோக்கு. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை டியூப்லைட், செல்போன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் வரும். முதலில் பிள்ளைகள் கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஆசிரியர்களும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோரும், "எனக்கும் சின்ன வயசுல ஒண்ணு தெரியும் சார்" என்று மெதுவாகத் தொடங்குவார்கள். வெளிச்சத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். நான் கண் மருத்துவன் அல்ல. மருத்துவரிடம் போக வேண்டியவற்றை ஒரே இடத்தில், கடைசிக்குச் சற்று முன்னால் சேர்த்திருக்கிறேன்; பயந்துபோய் வந்தவர்கள் நேராக அங்கே போகலாம்.

லைட்டை அணைச்சதும் கண்ணு முன்னாடி மணல் மாதிரி பொடிப்பொடியா ஓடுதே, அது என்ன?

மற்றக் கேள்விகள் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். விழித்திரையில் இருட்டுப் பார்வைக்கென்றே குச்சி செல்கள் இருக்கின்றன, ஒரு கண்ணில் சுமார் 12 கோடி. ஒவ்வொன்றுக்குள்ளும் ரொடாப்சின் என்ற நிறமியின் மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். ஒளித்துகள் ஒன்று வந்து பட்டால் மூலக்கூறின் வடிவம் மாறும். வெளிச்சம் வந்தது என்று செல் தகவல் சொல்லும். சிக்கல் என்னவென்றால், வெளிச்சமே படாமல், வெறும் உடம்புச் சூட்டிலேயே எப்போதாவது ஒரு மூலக்கூறு தானாக வடிவம் மாறிவிடும். செல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். டெனிஸ் பேலர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் குரங்கின் குச்சி செல்களில் இதை அளந்து 1984இல் வெளியிட்டார்கள். ஒரு செல்லில் சுமார் 160 விநாடிக்கு ஒரு முறை இப்படி நடக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். 12 கோடி செல்லுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கண்ணில் விநாடிக்கு ஏழரை லட்சம் பொய்த் தகவல்.

பெரும்பாலானவற்றை வழியிலேயே நரம்பு வலை வடிகட்டிவிடும். தப்பி வருவதும், நரம்புகளின் சொந்தச் சலசலப்பும் சேர்ந்ததுதான் அந்த மணல். அதனால்தான் முழு இருட்டு கறுப்பாக இருப்பதில்லை, ஒரு மாதிரிச் சாம்பலாக இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இதற்கு 'ஐகன்கிராவ்' என்று பெயர். 'தனக்கே உரிய சாம்பல்' என்று பொருள். பகல் வெளிச்சத்தில் ஒரு கரித்துண்டு இந்தச் சாம்பலைவிடக் கறுப்பாகத் தெரியும். நிகழ்ச்சி முடிந்த பிறகு பழைய டிவியில் புள்ளி புள்ளியாக ஓடுமே, அதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

எனக்கு மட்டும்தானா, எல்லாருக்கும் தெரியுமா?

பார்வை உள்ள எல்லாருடைய கண்ணிலும் இந்த வேலை நடக்கிறது. கவனிக்கிறார்களா என்பதுதான் வேறுபாடு. ஒரு மாடியில் 40 பிள்ளைகள் இருந்தால், கேட்ட உடனே ஏழெட்டுக் கை தூக்கும். "கண்ணை மூடி ஒரு நிமிஷம் பார்" என்றால் கிட்டத்தட்ட எல்லாக் கையும் தூக்கிவிடும்.

பசியில சட்டுன்னு எழுந்தா கண்ணுல பூச்சி பறக்குதே, அதுவும் இந்த மணலும் ஒண்ணா?

இல்லை. சட்டென்று எழும்போது தலைக்குப் போகும் ரத்த அழுத்தம் ஒரு கணம் குறைகிறது. அதைத் தாங்காமல் விழித்திரையும் மூளையின் பார்வைப் பகுதியும் தடுமாறுகின்றன, பூச்சி பறக்கிறது, கண்ணைக் கட்டுகிறது. உட்கார்ந்தால் போய்விடும். மணல் உட்கார்ந்தாலும் போகாது. அடிக்கடி பூச்சி பறந்தால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கண்ணை மூடிட்டு அமுக்கினா வட்டம் வட்டமா கலர் வருது. வெளிச்சம் எங்கேருந்து வருது?

எங்கிருந்தும் வருவதில்லை. விழித்திரைக்குத் தெரிந்த மொழி ஒன்றுதான். வெளிச்சம் தட்டினாலும் விரல் தட்டினாலும் 'வெளிச்சம்' என்றே சொல்லும். 1660களில் ஐசக் நியூட்டன், மழுங்கிய ஊசி ஒன்றைக் கண் உருண்டைக்கும் எலும்புக்கும் நடுவே செருகி அழுத்திப் பார்த்து, தெரிந்த வளையங்களைக் குறிப்பேட்டில் படமாகவே வரைந்து வைத்தார். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

ஆபத்தில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். கண்ணை மூடி, காதுப் பக்கத்து ஓரத்தில் இமை மேல் விரல் நுனியால் மிக லேசாகத் தொடுங்கள். வெளிச்ச வளையம் மூக்குப் பக்கத்தில் தெரியும். விழித்திரையில் படம் தலைகீழாக, இடவலம் மாறி விழுவதால் காதுப் பக்கத்து விழித்திரைக்கு மூக்குப் பக்கத்து உலகம்தான் தெரியும். மற்றபடி, விளையாட்டுக்காகக் கண்ணை அழுத்துவதும் கசக்குவதும் வழக்கமாகிவிடக் கூடாது. ஓயாமல் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலம் (கார்னியா) கூம்பி மெலியும் நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

நான் அமுக்கவே இல்ல. அப்பவும் கோலம் மாதிரி, குகை மாதிரி, சுருள் சுருளா வருதே?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊர் ஊராகப் போய்க் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லும் வடிவங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருக்கின்றன. தேன்கூடு, சிலந்தி வலை, சுரங்கப் பாதை, சுருள். ஹைன்ரிக் க்ளூவர் என்ற உளவியலாளர் 1920களில் ஒரு வகைக் கள்ளியில் இருக்கும் மெஸ்கலின் என்ற போதைப்பொருள் தரும் காட்சிகளை ஆராய்ந்தபோது இதே நான்கு வகையில்தான் வந்து நின்றார். காய்ச்சலிலும் அரைத்தூக்கத்திலும் இவையேதான் வருகின்றன. அவருக்கு நூறாண்டு முன்பே, 1819இல், பிராக் நகரில் யான் புர்க்கினியே என்பவர், மூடிய கண்ணோடு சூரியனைப் பார்த்து நின்று விரல்களை முகத்தின் முன் ஆட்டினால் கட்டம் கட்டமாகத் தெரிவதை விவரித்து எழுதியிருந்தார்.

ஏன் இதே வடிவங்கள்? கண் பார்க்கும் வட்டமான உலகம், மூளையின் பின்புறத்தில் இருக்கும் பார்வைப் பகுதியில் அப்படியே வட்டமாகப் பதிவதில்லை. நடுப்பகுதி விரிந்தும் ஓரங்கள் சுருங்கியும், வட்டங்கள் நேர்கோடுகளாக நீண்டும் பதிகின்றன. மூளையில் நரம்புச் சலசலப்பு அலை அலையாக, வரிவரியாக எழுந்தால், அதைக் கண்ணின் கணக்குக்குத் திருப்பும்போது நேர்வரி சுரங்கமாகும், சாய்ந்த வரி சுருளாகும். எர்மென்ட்ரவுட், கோவன் என்ற இருவர் 1979இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். சுருங்கச் சொன்னால், அந்தக் கோலத்தின் புள்ளி வரிசை உங்கள் மூளையின் வயரிங்.

நான் சின்னனா இருக்கேக்க, போத்தல் விளக்கை நூத்தாப்பிறகு கூரையில பெரிய பச்சைச் சுடர் ஒண்டு நிக்கும். விளக்கு சின்னன், அது ஏன் அவ்வளவு பெரிசு?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 1990களில் அங்கே மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடான வருடங்களில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

அந்த வெளிச்சத்தில் படிக்கும்போது கண் சுடர்ப் பக்கமே போய்ப்போய் வரும். சுடர் விழுந்த இடத்தில் விழித்திரை களைத்துப்போகிறது. விளக்கை அணைத்ததும் அந்தத் தழும்பு சுடரின் வடிவத்திலேயே, நிறம் மாறித் தெரிகிறது. தழும்பு கண்ணில் இருப்பதால் பார்வை போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வரும். அளவுக்குக் காரணம், மூளை அதை 'அங்கே இருக்கும் பொருள்' என்று நம்புவது. கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்தால் தழும்பு சின்னதாகவும், தூரத்துக் கூரையைப் பார்த்தால் பெரிதாகவும் தெரியும். எமில் எமர்ட் 1881இல் எழுதிய விதி இது. இன்றைக்கும் கேமரா பிளாஷைப் பார்த்த கையோடு உள்ளங்கையையும் எதிர்ச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தால் புரிந்துவிடும்.

மூலையில ஏதோ நிக்குது. நேரா திரும்பிப் பார்த்தா காணோம். திரும்புனா மறுபடியும் நிக்குது. பேய்தானே அது?

விழித்திரையின் நட்டநடுவில் ஒரு சின்னக் குழி உண்டு. பகலில் நாம் எழுத்துப் படிப்பதெல்லாம் அதை வைத்துத்தான். அங்கே நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. குச்சி செல் ஒன்றுகூடக் கிடையாது. மங்கிய வெளிச்சத்தில் கூம்பு செல்கள் வேலை செய்யாது. ஆகவே இருட்டில் எதை நேராகப் பார்க்கிறோமோ அதுதான் மறையும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் திரும்ப வரும்.

வானம் பார்க்கும் நாங்கள் இதை வைத்துத்தான் பிழைக்கிறோம். கார்த்திகை விண்மீன் கூட்டத்தை நேராக முறைத்தால் நான்கைந்துதான் தேறும். கண்ணைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் ஆறு, ஏழு என்று எண்ணலாம். மூலையில் நிற்பதற்கும் இதே விதிதான். அங்கே நிஜமாகவே ஏதோ நிற்கிறது, அது அனேகமாக நாற்காலி.

சரி, நாற்காலின்னா நாற்காலி மாதிரி தெரிய வேண்டியதுதானே? கதவுல மாட்டின சட்டை ஏன் ஆள் மாதிரியே இருக்கு?

குச்சி செல்களுக்குக் கூர்மை கிடையாது. பல செல்கள் சேர்ந்து ஒரே கம்பியில் செய்தி அனுப்புவதால் படம் மொத்தையாக வரும். கண் மருத்துவமனைப் பலகையின் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 6/60, அதாவது மேலே இருக்கும் பெரிய எழுத்து மட்டும் தெரிகிற பார்வை. அந்த மொத்தையை வைத்து மூளை ஊகிக்க வேண்டும். நம் மூளை எதைவிடவும் முகத்தையும் ஆளையும் தேடுவதில் வேகமானது. தோள்பட்டை அகலத்தில் ஹேங்கர், மேலே ஒரு உருண்டை, முடிந்தது கதை.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பார்கள். எனக்கு அந்தப் பழமொழியில் பாதிதான் உடன்பாடு. பயந்தவன் சீக்கிரம் பார்ப்பான், அது சரி. பயமே இல்லாதவனுக்கும் சட்டை ஆளாகத்தான் தெரியும். அவன் 'சட்டைதான்' என்று சொல்லிக்கொண்டு புரண்டு படுப்பான்.

கொசுவத்திச் சுருளோட நெருப்பு தானா நகருது. நானும் தம்பியும் ரெண்டு பேரும் பார்த்தோம். ரெண்டு பேர் பார்த்தா நிஜம்தானே?

நியாயமான வாதம். ஆனால் இந்த விஷயத்தில் எடுபடாது. சுற்றிலும் எதுவும் தெரியாத இருட்டில் ஒற்றைப் புள்ளி நெருப்பு இருந்தால், அது நிற்கிறதா நகர்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்ல வேறு பொருள் இல்லை. கண் நம்மை அறியாமல் எப்போதும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டும் வழுவிக்கொண்டும் இருக்கும். அந்த நகர்வை மூளை புள்ளியின் தலையில் கட்டிவிடுகிறது. 1799இல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் என்ற பெரிய பயண அறிஞரே, டெனெரிஃப் தீவின் மலையில் விடியலுக்கு முன் விண்மீன்கள் ஊசலாடுவதைப் பார்த்து, அது வானத்தில் நடப்பதாகவே குறித்து வைத்தார். இரவு விமானிகள் முன்னால் போகும் விமானத்தின் விளக்கைத் தொடரும்போது இதே ஏமாற்றில் சிக்கியிருக்கிறார்கள்.

இனி தம்பி விஷயம். முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 1935இல் வெளியிட்ட சோதனை இதுவேதான். இருட்டறையில் அசையாத ஒரு புள்ளி விளக்கைக் காட்டி, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டார். தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். கூட்டமாக உட்காரவைத்துச் சத்தமாகச் சொல்லச் சொன்னால், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் ஒரே அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு தனியாகக் கேட்டபோதும் கூட்டம் சொன்ன அளவையே சொன்னார்கள். நீங்கள் "இடது பக்கம் போகுது பாரு" என்று சொன்ன அந்த நொடியில் தம்பிக்கும் இடது பக்கம்தான் போயிருக்கும். அவன் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. நகரவில்லை, அவ்வளவுதான்.

சுருளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். ஒப்பிட ஒன்று கிடைத்ததும் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஊதுபத்தியைச் சுத்தினா நெருப்பு வட்டமா கோடு போடுதே, அதுவும் இதே மாதிரியா?

அது வேறு. கண்ணில் விழுந்த வெளிச்சம் உடனே அழிவதில்லை. முந்தைய இடத்தின் பதிவு மறைவதற்குள் நெருப்பு அடுத்த இடத்துக்குப் போய்விடுவதால் கோடாகிறது. 1765இல் பேட்ரிக் டார்சி என்பவர் எரியும் கரித்துண்டைச் சக்கரத்தில் கட்டிச் சுற்றி, பதிவு நிற்கும் நேரத்தை 0.13 விநாடி என்று அளந்தார். அதாவது விநாடிக்குச் சுமார் எட்டுச் சுற்று சுற்றினால் முழு வட்டம். திருக்கார்த்திகைக்கு மாவளி சுற்றியவர்களுக்கு இந்த வேகம் கையிலேயே தெரியும்.

குண்டூசி முனை வெளிச்சம்கூட இல்லாத ரூம்ல கையை ஆட்டினா, கை போறது தெரியுது. இது எப்படி சாத்தியம்?

முதலில் இது கதவிடுக்கு வெளிச்சமாக இருக்கும் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு. அமெரிக்காவில் டூயே டாடின் என்பவரின் ஆய்வுக் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டி ஒளியை முழுதும் மறைத்த பிறகும், ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் கை அசைவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வெறும் பேச்சா என்று பார்க்க அவர்களது கண் அசைவையும் அளந்தார்கள். கை தெரிவதாகச் சொன்னவர்களின் கண், நிஜமாக ஒன்றைத் தொடர்வதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

கை எங்கே இருக்கிறது என்று தசைக்குத் தெரியும். அந்தச் செய்தியை வைத்து மூளை படம் போட்டுவிடுகிறது. உங்கள் கைக்குப் பதில் பக்கத்தில் இருப்பவரை ஆட்டச் சொல்லுங்கள், ஒன்றும் தெரியாது.

தூக்கம் வர்ற நேரத்துல முகம் முகமா வருது. எல்லாம் முன்னப்பின்ன பார்க்காத முகம். யார் அவங்க?

யாரும் இல்லை. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே இருக்கிற வாசலில் வரும் காட்சிகள் இவை. பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரெட் மோரி 1848இல் இதற்குத் தனியாகப் பெயரே சூட்டினார். முகங்கள், நிலக்காட்சிகள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல், எல்லாம் இந்த வகை. கனவில் நாம் உள்ளே இருப்போம். இதில் வெளியே நின்று படம் பார்ப்பதுபோல இருக்கும். மணலும் கோலமும் மெல்லத் திரண்டுதான் முகமாகிறது என்று சில பிள்ளைகள் நுணுக்கமாகச் சொல்வதுண்டு.

பகலில் எதை மணிக்கணக்காகச் செய்தோமோ அதுவும் வரும். 2000இல் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற தூக்க ஆய்வாளரின் குழுவினர் சிலரை, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்தார்கள். தூங்கப் போகும்போது பலருக்கும் கட்டைகள் மேலிருந்து விழுந்தன. புதிய நினைவு எதுவும் தங்காத நோயாளிகளில் சிலருக்கும், விளையாடியதே நினைவில்லாதபோது, கட்டைகள் விழுந்தன. நாள் முழுக்கப் பூப்பறித்துவிட்டு வந்தவருக்குக் கண்ணை மூடினால் மொட்டு மொட்டாக வருவதும் இதுவே.

நடுராத்திரி முழிப்பு வருது, கை கால் அசையல, நெஞ்சு மேல கறுப்பா ஒண்ணு உட்கார்ந்திருக்கு. கத்தினா சத்தம் வரல. இதையும் கண்ணோட வேலைன்னு சொல்லிடுவீங்களா?

கண்ணின் வேலை என்று சொல்ல மாட்டேன், தூக்கத்தின் வேலை. நம் ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். ஜப்பானில் 'கனாஷிபாரி' என்கிறார்கள். கனவு காணும் கட்டத்தில், கனவுக்கு ஏற்றபடி எழுந்து ஓடிவிடாமல் இருக்க, மூளை உடம்பின் தசைகளைப் பூட்டி வைக்கும். பூட்டைத் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, கனவு மிச்சம் அறைக்குள் நடமாடும். மூச்சை நாமாக ஆழமாக இழுக்க முடியாததால் நெஞ்சில் பாரம் ஏறியதுபோல இருக்கும். பாரம் இருந்தால் யாரோ உட்கார்ந்திருக்கத்தானே வேண்டும்? முந்தைய கேள்வியில் சொன்ன அதே வாசல்தான் இது, எதிர்ப் பக்கத்திலிருந்து.

2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்தவர்கள் பொதுமக்களில் சுமார் 8 சதவீதம், மாணவர்களில் சுமார் 28 சதவீதம். மல்லாந்து படுத்தால், தூக்கம் கெட்டால் அதிகம் வரும். வந்தால் போராட வேண்டாம். ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள். ஓரிரு நிமிடத்தில் விலகிவிடும். தலையணைக்கு அடியில் இரும்பு வைக்கலாமா என்று கேட்பார்கள். வைத்தால் நிம்மதியாகத் தூங்குவீர்கள் என்றால் வையுங்கள், அந்த நிம்மதியே பாதி மருந்து. கத்தியை மட்டும் வைக்காதீர்கள்.

படுத்திருக்கும்போது சுவர் தூரமாப் போகும், அம்மா முகம் பொம்மை சைஸுக்கு ஆகும். எட்டு வயசுல அடிக்கடி வரும். நான் பைத்தியமோன்னு பயந்து யார்கிட்டயும் சொன்னதில்ல.

இதைச் சொன்னவருக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும். முதல் தடவையாக அன்றுதான் சொன்னார். இதற்கு 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் சிண்ட்ரோம்' என்று பெயர்; 1955இல் ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் வைத்தது. கண்ணில் கோளாறு இருக்காது. பொருள்களின் அளவையும் தூரத்தையும் கணக்கிடும் மூளைப் பகுதிகள் சற்று நேரம் பிசகுகின்றன. பிள்ளைகளுக்கு அதிகம் வரும். காய்ச்சலோடு வரலாம், ஒற்றைத் தலைவலி இருக்கும் குடும்பங்களில் வரலாம். பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகி, வயது ஏற ஏற நின்றுவிடும். அடிக்கடி வந்தால் குழந்தை மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

ராத்திரியில கண்ணாடி பார்க்காதேன்னு பாட்டி சொல்வாங்க. நான் பார்த்தேன். என் முகம் என் முகமா இல்ல.

பாட்டி காரணம் சொல்லாவிட்டாலும் கவனித்தது சரிதான். 2010இல் இத்தாலியின் ஜியோவான்னி கபுட்டோ, 50 பேரை மங்கலான அறையில் கண்ணாடி முன் பத்து நிமிடம் உட்காரவைத்தார். 66 சதவீதம் பேருக்குத் தங்கள் முகம் கோரமாக மாறித் தெரிந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு விநோத உருவங்களே வந்தன. அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்தால் சுற்றியிருப்பவை மங்கி மறையும் என்று ட்ராக்ஸ்லர் என்பவர் 1804இலேயே சொல்லியிருந்தார். மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக மங்க, சட்டை கேள்வியில் சொன்ன அந்த ஊகிக்கும் மூளை ஓட்டையை அடைக்கிறது. கண்ணைச் சிமிட்டிப் பார்வையை நகர்த்தினால் உங்கள் முகம் திரும்பி வந்துவிடும்.

அப்ப இருட்டுல தெரியுறது எல்லாமே நம்ம உள்ளேருந்துதானா? வெளியில எதுவுமே இல்லையா?

ஏன் இல்லை? பூனையின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது. கிடைத்த துளி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நைலான் சேலையை இருட்டில் உதறினால் பொறி பறப்பது நிஜ மின்சாரம். நல்ல இருட்டில் கண் பழகிய பிறகு, காய்ந்த கற்கண்டைக் குறடால் நொறுக்கிப் பாருங்கள், நீல வெளிச்சம் வெட்டும். படிகம் உடையும்போது மின்னூட்டம் பிரிந்து காற்றின் நைட்ரஜன் ஒளிர்கிறது. 2019 ஆகஸ்டில் சென்னையில் திருவான்மியூர்ப் பக்கம் கடல் அலை நீலமாக மின்னியதை நிறையப் பேர் படம் பிடித்தார்கள். அது நொக்டிலூகா என்ற நுண்ணுயிர். படம் பிடிக்க முடிந்தாலே அது வெளியில் இருப்பதுதான்.

கேமரா இல்லாதபோது எளிய சோதனை, கண்ணைக் கையால் பொத்துவது. பொத்தியும் தெரிந்தால் உங்களுடையது. பொத்தினால் மறைந்து, பார்வையை நகர்த்தினாலும் அது அங்கேயே நின்றால் வெளியே இருப்பது. இந்தச் சோதனையை ஏமாற்றும் ஒன்று உண்டு. 1969இல் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் இருட்டறையில் கண்ணை மூடியும் மின்னல் தெறிப்பதைப் பார்த்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கப்பல் சுவரையும் இமையையும் தாண்டி விழித்திரையில் மோதியதன் விளைவு. அதை உள்ளே என்பதா வெளியே என்பதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

சின்ன வயசுல இவ்ளோ தெரிஞ்சுது. இப்ப ஏன் எதுவுமே தெரியல?

இருட்டு கிடைப்பதில்லை என்பதுதான் என் எண்ணம். பிள்ளையைத் தூக்கம் வருவதற்கு முன்பே ஒன்பது மணிக்குப் படுக்கவைத்துவிடுவார்கள். விழித்தபடி, செய்ய ஒன்றும் இல்லாமல், இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பெரியவர்கள் கண் சொருகும்வரை செல்போன் பார்க்கிறோம். போனை வைத்த பிறகும் ரவுட்டர், ஏசி, சார்ஜர் என்று அறை முழுக்கப் புள்ளி விளக்கு. 2012இல் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் கரண்ட் போன இரவுகளில், நாற்பது வயதுக்காரர்கள் பலர் அந்த மணலை மறுபடி பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்க பாட்டிக்கு இப்பத்தான் தெரியுது. கண்புரை. சாயங்காலமானா பூப்போட்ட துணி கட்டின சின்னப் பசங்க வீட்டுக்குள்ள நடக்கிறாங்கன்னு சொல்றாங்க. புத்தி பேதலிச்சிடுச்சா?

அவர் அதை நிஜம் இல்லை என்று தெரிந்தே சொல்கிறாரா என்று கேளுங்கள். அப்படியென்றால் அனேகமாக சார்ல்ஸ் போனே சிண்ட்ரோம். 1760இல் போனே என்ற சுவிஸ் அறிஞர், புரை விழுந்த தன் தாத்தா கண்ட மனிதர்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் விவரித்தார். பார்வை குறைந்ததும், வேலையில்லாத மூளைப் பகுதி தானே படம் ஓட்டுகிறது. புரையை எடுத்தால் பலருக்கு நின்றுவிடும். வீட்டில் அவரை அதட்டாமல் இருப்பது முக்கியம்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

திடீரென்று ஒரு கண்ணில் மின்னல் வெட்டுகிறது, கூடவே கரும்புள்ளிகள் கொட்டுகின்றன, ஓரத்திலிருந்து திரை இறங்குகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும்; விழித்திரை பிய்ந்திருக்கலாம். அதிக மைனஸ் பவர் உள்ளவர்களும் கண்ணில் அடிபட்டவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மணல் பகல் வெளிச்சத்திலும் ஓயாமல் தெரிந்தால் காட்ட வேண்டும். ஒரே பக்கத்தில் வண்ணப் பந்துகள் சில விநாடி, ஓரிரு நிமிடம் வந்துபோய், கூடவே வாந்தியோ நினைவு தடுமாற்றமோ இருந்தால் வலிப்பு வகையாக இருக்கலாம். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் தாமதிக்கவே கூடாது, அது கண் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

இன்னொன்று, விசித்திரமாக எதுவும் தெரியாமல், மாலையானால் எதுவுமே தெரியாமல் தட்டுத்தடுமாறும் பிள்ளை. அது மாலைக்கண்ணாக இருக்கலாம், பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவு. 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசு மையங்களில் கொடுக்கும் வைட்டமின் ஏ திரவம் இதற்காகத்தான்.

பையன் "மூலையில ஏதோ இருக்கு"ன்னு அழறான். என்ன பதில் சொல்றது?

'அங்கே ஒன்றும் இல்லை, தூங்கு' என்பது இரண்டு வகையில் தவறான பதில். அவனுக்குத் தெரிகிறது, நாற்காலியும் இருக்கிறது. என்ன நிறம், எந்தப் பக்கம் நகர்கிறது, கண்ணைப் பொத்தினால் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, மூன்றாவது கேள்விக்குள் அழுகை நின்று, பதில் சொல்லும் மும்முரம் வந்துவிடும். அப்புறம் எழுந்து போய் அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.

விளக்கு வேண்டும் என்று கேட்டால் சிவப்பு ஜீரோ வாட் பல்பு போடுங்கள். குச்சி செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் இருட்டுக்குப் பழகிய கண்ணும் கெடாது, சட்டையும் சட்டையாகத் தெரியும். நாங்கள் மாடியில் டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு ஒட்டிக்கொள்கிறோம், ரப்பர் பேண்டு போதும்.